சேமியா அளவு ஈரல்

குப்பியில் ஃபார்மலின் இருக்கும். அதன் அடியில் ஒடித்துப் போட்ட சேமியாத் துண்டு போல ஈரல் கிடக்கும். நீளம் ஒன்றரை சென்டிமீட்டர். கைப்பழக்கம் உள்ள டாக்டர் குத்தியிருந்தால் இரண்டு. கொழுப்பு படிந்த ஈரல் என்றால் சில சமயம் மிதக்கும். எங்கள் மூத்த டெக்னீஷியன் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். பெரும்பாலும் ரிப்போர்ட்டும் அப்படியே வரும். தெற்கே ஒரு அரசு மருத்துவக் கல்லூரியின் பேத்தாலஜி ஆய்வகத்தில் 1982ல் சேர்ந்து, 2016ல் ஓய்வு பெற்றேன். அந்த 34 வருஷத்தில் எத்தனை ஈரல் இழைகளை மெழுகில் பதித்து வெட்டினேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் மறக்கவில்லை. அது என் அண்ணனுடையது.

ஈரல் துண்டு வந்தால் அவசரப்படக் கூடாது. ராத்திரி முழுக்க அதன் தண்ணீரை ஆல்கஹாலில் படிப்படியாக வாங்கி, சைலீனில் போட்டு, உருகிய பாரஃபினில் ஊறவைத்து, காலையில் கட்டியாக வார்ப்போம். மைக்ரோடோம் சக்கரத்தைச் சுற்றினால் நாலைந்து மைக்ரான் கனத்தில் ரிப்பன் ரிப்பனாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் அதை மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்த வேண்டும். ஒரு தும்மல் போதும், எல்லாம் பறந்துவிடும். அப்புறம் சாயம். மேசன் ட்ரைகுரோம் போட்டால் ஈரல் செல்கள் சிவப்பாகவும் நார் நீலமாகவும் நிற்கும். நல்ல ஈரலில் நீலம் ஆங்காங்கே சின்னத் தீவுகளாக இருக்கும். நோய் முற்ற முற்ற அந்தத் தீவுகளிலிருந்து கால் நீளும். ஒரு தீவு இன்னொன்றோடு கைகோத்துக்கொள்ளும். கடைசியில் நீல வரப்புகளுக்கு நடுவே சிவப்பு உருண்டைகள் சிறைப்பட்டுக் கிடக்கும். அதுதான் சிரோசிஸ்.

வைரஸ் கல்லீரல் அழற்சி பி ஆனாலும் சி ஆனாலும் டாக்டர்கள் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: தழும்பு எவ்வளவு? இருபது, முப்பது வருஷம் வலியில்லாமல், மஞ்சள் காட்டாமல், நோயாளி வயலுக்கும் ஆபீசுக்கும் போய்க்கொண்டிருக்கையில் உள்ளே நீலம் ஏறிக்கொண்டே போகும். யாருக்கு மருந்து உடனே வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று முடிவு செய்ய அந்த நீலத்தை அளந்தாக வேண்டும். உடம்பைக் குத்தாமல் அதை அளக்க மனிதர்கள் பட்ட பாடு நீண்ட கதை. அந்தக் கதையில் ஊசியின் பக்கம் நின்று வேலை பார்த்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

சிரோசிஸ் என்று பெயர் வைத்தவர் பாரிஸ் மருத்துவர் ரெனே லென்னெக். நெக்கர் மருத்துவமனையில் 1816ல் ஒரு தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டு, ஸ்டெதாஸ்கோப்புக்கு வழி திறந்தவரும் அவரே. 1819ல் வந்த அவருடைய நூல் முழுவதும் நெஞ்சொலியைப் பற்றியது. அதில் ஓர் அடிக்குறிப்பில், சுருங்கிப் பழுப்பு மஞ்சளாகிப்போன ஒரு கல்லீரலைப் பார்த்து, அந்த நிறத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை எடுத்தார். நெஞ்சைத் திறக்காமலே உள்ளே நடப்பதைக் கேட்க வழி கண்டவருக்கு, ஈரலைப் பிணத்தில்தான் பார்க்க முடிந்தது.

அவருக்கு முன்பே, 1761ல், ஆஸ்திரியாவைச் சேர்ந்த லியோபோல்ட் அவுன்பிரக்கர் விரலால் தட்டிப் பார்க்கும் முறையை எழுதிவிட்டார். அவர் அப்பா சத்திரம் நடத்தியவர். நம் ஊர்க் கடைக்காரர் தேங்காயைச் சுண்டிப் பார்த்து முற்றலா, அழுகலா என்று சொல்வது போன்ற வித்தைதான். விரலால் தட்டிக்கொண்டே வந்தால் ஓசை மந்தமாகும் இடத்தில் ஈரல் தொடங்கும். விலா எலும்புக்குக் கீழே கை வைத்து, "மூச்ச நல்லா இழுங்க" என்று சொல்லி, விளிம்பு கூர்மையா, மழுங்கலா, கரடுமுரடா என்று டாக்டர் தடவிப் பார்ப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். நம் பக்கத்தில் சித்த வைத்தியர்கள் சிறுநீரில் நல்லெண்ணெய்த் துளி விட்டு அது பாம்பாக நெளிகிறதா, மோதிரமாக விரிகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்த நெய்க்குறியும் குத்தாமல் உள்ளே பார்க்கும் ஆசையிலிருந்து பிறந்ததே. ஆனால் இரண்டாம் படித் தழும்பையும் மூன்றாம் படித் தழும்பையும் பிரித்துச் சொல்லும் நுணுக்கம் விரலுக்கும் இல்லை, எண்ணெய்க்கும் இல்லை.

அந்த வேலைக்கு ஊசி வந்தது. 1883ல் ஜெர்மனியில் பால் எர்லிக் ஈரலிலிருந்து ஊசியால் திசு எடுத்ததை முதல் முயற்சியாகச் சொல்வார்கள். உண்மையான தொடக்கம் 1939, கோபன்ஹேகன். ஐவர்சனும் ரோஹோல்மும் மஞ்சள்காமாலை நோயாளிகளிடம் ஊசியால் திசு எடுத்து, பித்தக்குழாயைச் சளி அடைத்துக்கொள்வதே காமாலை என்ற பழைய நம்பிக்கையை உடைத்தார்கள்; ஈரல் செல்களே வெந்துபோயிருந்தன. போர்க்கால லண்டனில் ஷீலா ஷெர்லக் என்ற இளம் மருத்துவர் அதே வழியில் இறங்கி, ஈரல் மருத்துவத்தையே தனித் துறையாக வளர்த்தெடுத்தார். 1958ல் இத்தாலியின் மெங்கினி ஒரு நொடி ஊசியைக் கொண்டுவந்தார். மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லி, சட்டென்று உள்ளே போய் உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்துவிடும். உலகமெங்கும் ஈரல் பயாப்ஸி பரவ அந்த ஒரு நொடி காரணமாயிற்று. எங்களுக்கு வந்த இழைகளில் பலவும் அந்த ஊசி தந்தவைதான்.

அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது 1995ல் தெரிந்தது. மதினியின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போனவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். வீட்டில் அழுகை. அம்மா மறுநாளே வரப்பிலிருந்து கீழாநெல்லியைப் பிடுங்கி அரைத்து மோரில் கலக்கிவிட்டாள். அம்மாவின் நம்பிக்கை வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பாரூக் புளும்பெர்க்கோடு சேர்ந்து 1988ல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை எங்கள் ஆய்வகத்திலும் பேசப்பட்டது. கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. போலி மருந்து தின்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அண்ணனுக்கும் கிடைக்கவில்லை. ஒரு மண்டலம் குடித்துவிட்டு ரத்தம் கொடுத்தார். பாசிட்டிவ் அப்படியே நின்றது.

1996ல் பயாப்ஸி. முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது குத்தில் வந்தது இரண்டு துணுக்கு, சேர்த்து 8 மில்லிமீட்டர். அன்று ராத்திரி அண்ணனுக்கு வலது தோளில் வலி. குத்தியது விலாவில், வலிப்பது தோளில்! ஈரலைச் சுற்றி ரத்தம் கசிந்து உதரவிதானத்தைச் சீண்டினால் வலி தோளுக்குத்தான் ஓடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் பயம் இரண்டு மடங்கு. வலது பக்கமாகவே படுக்கவைத்து, நாடியையும் பி.பி.யையும் விடிய விடியப் பார்த்தோம். நல்லவேளை, கசிவு தானாக நின்றுவிட்டது. அண்ணன் மறுநாள், "ஏட்டி, இனிமே என்னய குத்த விடாதீய" என்று மட்டும் சொன்னார்.

அவர் பயந்தது நியாயம். இத்தாலியில் 68,276 பயாப்ஸிகளைத் திரட்டி 1986ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். லட்சத்துக்கு 9 பேர் இறந்திருந்தார்கள். எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் நோய் எந்தத் தொந்தரவும் தராமல் நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், வருஷா வருஷம் இதைச் செய்துகொள் என்று எப்படிச் சொல்வது?

அந்த 8 மில்லிமீட்டரை நானே வெட்டினேன். வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. ஆர்சீன் சாயம் போட்டபோது வைரஸின் உறை நிறைந்த செல்கள் பழுப்பாகத் தெரிந்தன. ஜப்பானின் ஷிகாட்டா 1974ல் ஹெபடைடிஸ் பி-க்காகச் சொல்லித்தந்த முறை அது. ட்ரைகுரோமில் நீலத் தீவுகள் மூன்றுதான் அகப்பட்டன. நம்பி ஒரு முடிவு சொல்லப் பத்தாவது வேண்டும். "மிதமான நார், திசு போதாது" என்று ரிப்போர்ட் போனது. முழு ஈரலில் 50,000ல் ஒரு பங்குதான் நல்ல இழையிலேயே வரும் என்பது புத்தகக் கணக்கு. அண்ணனுடையது அதிலும் பாதி. ஒரு பிடி நெல்லை வைத்து ஒரு வட்டத்தின் விளைச்சலைச் சொல்வது போலத்தான்.

என் சந்தேகம் என்னுடையது மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. 2002ல் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் சி உள்ள 124 பேருக்கு ஈரலின் வலது மடலிலும் இடது மடலிலும் ஒரே நேரத்தில் திசு எடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு இரண்டு மடலும் வேறு வேறு படியைக் காட்டின. மறு வருஷம் பாரிஸில் பியர் பெதோசா, அறுவையில் வெட்டி எடுத்த ஈரல்களைக் கணினியில் அளந்து சொன்னது இன்னும் கடுமை: இழை 15 மில்லிமீட்டர் இருந்தால் நூற்றுக்கு 65 தடவை படி சரியாக வரும், 25 மில்லிமீட்டர் இருந்தால் 75. அந்தக் கட்டுரையை எங்கள் பேராசிரியர் வகுப்பில் வாசித்தபோது நான் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கால் தளர்ந்தது. எத்தனை பேருக்கு நாங்கள் கொடுத்த படியை நம்பி மருந்து தள்ளிப்போடப்பட்டிருக்கும்!

ஊசிக்கு மாற்று எங்கள் ஆய்வகத்துக்கு நாலு அறை தள்ளி, பயோகெமிஸ்ட்ரியிலும் ஹெமட்டாலஜியிலும் சீட்டுச் சீட்டாகக் கிடந்தது. எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதியை ரத்தத்தில் அளக்கும் வழி 1950களின் நடுவில் மாரடைப்புக்காக வந்தது. 1957ல் நேப்பிள்ஸின் தெ ரித்திஸ் அதை எஸ்.ஜி.பி.டி. என்ற இன்னொரு நொதியின் அளவால் வகுத்து ஈரல் நோய்களைப் பிரிக்கலாம் என்றார். 1988ல் வில்லியம்ஸும் ஹூஃப்நாகிளும், பி.டி.யைவிட ஓ.டி. ஏறிவிட்டால் சிரோசிஸைச் சந்தேகிக்கச் சொன்னார்கள். அதற்கு மேல் பிளேட்லெட். ஈரல் இறுகினால் குடலிலிருந்து வரும் ரத்தம் அணை கட்டியது போலத் தேங்கும்; மண்ணீரல் வீங்கும்; வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டை விழுங்கும். பிளேட்லெட்டை உண்டாக்கத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பதும் ஈரல்தான், அதுவும் குறையும். ஆக, கையிலிருந்து எடுக்கும் இரண்டு குப்பி ரத்தத்தில் ஈரலின் தழும்பு எழுதியிருந்தது. படிக்கத்தான் ஆளில்லாமல் இருந்தது.

2001ல் பாரிஸில் பொய்னார் குழு ஃபைப்ரோடெஸ்ட்டைக் கொண்டுவந்தது. ஐந்து சோதனை, காப்புரிமை பெற்ற சூத்திரம், காசும் அதிகம். என் மனதைத் தொட்டது அது இல்லை. 2003ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வாய் என்பவரும் அன்னா லோக்கும் சேர்ந்த குழு எழுதிய ஏப்ரி. எஸ்.ஜி.ஓ.டி.யை அதன் மேல் எல்லையால் வகு, நூறால் பெருக்கு, ஆயிரத்தில் எண்ணிய பிளேட்லெட்டால் வகு. அவ்வளவுதான். பஞ்சாயத்து ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் நர்ஸ் செல்போனில் போட்டுவிடலாம். 2006ல் ஸ்டெர்லிங் குழு ஃபிப்-4ஐ எழுதியது: வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்கி, பிளேட்லெட்டாலும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுப்பது. 1.45க்குக் கீழ் என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 3.25க்கு மேல் என்றால் அதிகம். நடுவில் சாம்பல் நிலம்.

அண்ணன் ஒரு சீட்டையும் தூக்கிப் போடாதவர். பழைய பிஸ்கட் டின்னில் எல்லாம் இருந்தன. 2010ல் ஒருநாள் உட்கார்ந்து போட்டேன். 1996ல் அவருக்கு வயது 44, ஓ.டி. 58, பி.டி. 81, பிளேட்லெட் 2,10,000. ஏப்ரி 0.69, ஃபிப்-4 1.35. 2010ல் வயது 58, ஓ.டி. 64, பி.டி. 49, பிளேட்லெட் 1,10,000. ஏப்ரி 1.45, ஃபிப்-4 4.82. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். வயது ஏறியதாலேயே ஃபிப்-4 மூன்றில் ஒரு பங்கு கூடும், அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கழித்தாலும் பயமாகவே இருந்தது. ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒரு டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்து "எல்லாம் நார்மலை ஒட்டித்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பிளேட்லெட் வருஷத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் என்று படி இறங்கிக்கொண்டிருந்ததை டின்னைக் கவிழ்த்தபோதுதான் கண்டேன்.

அண்ணன் ஊசிக்கு மாட்டேன் என்றார். அதனால் ஃபைப்ரோஸ்கேன் உள்ள ஊருக்குப் பஸ் ஏறினோம். பாரிஸில் மத்தியாஸ் ஃபிங்கின் அலை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த லோரோன் சாந்திரான் உருவாக்கிய கருவி. 2001ல் எக்கோசென்ஸ் நிறுவனம் தொடங்கியது, 2003ல் ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 106 பேரில் பார்த்த முடிவு வெளியானது. மூன்று மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல், மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். விலா இடுக்கில் முனை வைத்து, கொல்லன் சுத்தியலின் குஞ்சு போல ஒரு தட்டு. அந்த அதிர்வு ஈரலுக்குள் ஓடும். அல்ட்ராசவுண்ட் அதைத் துரத்திக்கொண்டு வேகத்தை அளக்கும். மென்மையான ஈரலில் அலை நொடிக்கு ஒரு மீட்டர் போகும். கருவி 3 கிலோபாஸ்கல் என்று காட்டும். இறுகிய ஈரலில் இரண்டு மீட்டர் போனால் 12 காட்டும், ஏனென்றால் கணக்கு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. பத்துத் தட்டு, நடு எண். ஊசி எடுப்பதைப் போல நூறு மடங்கு ஈரலை இது பார்க்கிறது. அவுன்பிரக்கரின் விரல்தான் இரண்டரை நூற்றாண்டு கழித்து இப்படித் திரும்பி வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

எம்.ஆர்.ஐ.க்குள் இதே அலையைப் பார்க்கும் முறையை மேயோ கிளினிக்கில் ரிச்சர்ட் ஏமன் குழு 1995ல் சயன்ஸ் இதழில் எழுதியது. அந்தக் கட்டுரையின் முதல் பெயர் முத்துப்பிள்ளை. நூலகத்தில் அதைப் படித்த அன்று வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னேன்.

அண்ணனுக்கு ஃபைப்ரோஸ்கேனில் 16.2 வந்தது. ஹெபடைடிஸ் சி-யில் காஸ்தெரா 2005ல் சிரோசிஸுக்குப் போட்ட கோடு 12.5. அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அவரிடம் பொய் சொல்லவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இந்த எண்களும் அலைகளும் எதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன? எங்கள் ஸ்லைடோடுதான். நாங்கள் வெட்டிய சேமியாத் துண்டு காட்டிய படிதான் எல்லாவற்றுக்கும் முத்திரைப் படி. அந்தப் படியே கோணலாக இருந்தால்? 2009ல் ஷ்ருதி மேத்தாவும் கூட்டாளிகளும் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள்: ஈரலின் உண்மை நிலையைப் பிசகில்லாமல் சொல்லும் சோதனை ஒன்று இருந்தாலும், பயாப்ஸியை நீதிபதியாக வைத்தால் அது முழு மதிப்பெண் வாங்காது. ஸ்கேனும் ஸ்லைடும் மாறுபட்டால், தப்பு ஸ்கேனுடையது என்றே பல வருஷம் எழுதினோம். சில தடவை தப்பு எங்களுடையது. இதை ஒரு டெக்னீஷியனாக நான் ஒப்புக்கொள்கிறேன்.

எல்லைக்கோடுகளும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2015ல் ஹெபடைடிஸ் பி சிரோசிஸுக்கு ஏப்ரி 2ஐத் தாண்டவேண்டும் என்றது. அண்ணனின் 1.45 அதில் தப்பியிருக்கும். அந்தக் கோட்டை மட்டும் நம்பியிருந்தால் அவருக்கு மருந்து தள்ளிப்போயிருக்கலாம். 2024ல் அதே நிறுவனம் கோட்டை 1க்கு இறக்கியது. இப்போது ஒரு கிராமத்து நர்ஸ் அதே சீட்டைப் பார்த்தால் பிடித்துவிடுவார். புளும்பெர்க்கின் பிறந்தநாளான ஜூலை 28ல், 2018ஆம் வருஷம், இந்திய அரசு தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் திட்டத்திலும் இந்தக் கணக்குகளுக்கு இடம் உண்டு. ஹெபடைடிஸ் சி-க்கு எந்த மாத்திரை என்பதை, சிரோசிஸ் உண்டா இல்லையா என்று இவற்றைக் கொண்டு பார்த்து முடிவு செய்கிறார்கள்.

ஊசியை நான் குறைத்துப் பேசவில்லை. டெனோஃபோவிர் மாத்திரை ஐந்து வருஷம் தின்ற ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 348 பேரிடம் முன்னும் பின்னும் ஊசியால் திசு எடுத்து, 2013ல் லான்செட்டில் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்தது 96 பேருக்கு. அவர்களில் 71 பேருக்கு ஐந்து வருஷம் கழித்து அது இல்லை. தழும்பு கரையாது என்று சொல்லிச் சொல்லியே என் தலைமுறை வளர்ந்தது. நீலம் பின்வாங்கும் என்று நிரூபித்தது அந்தச் சேமியாத் துண்டுகள்தான்.

அண்ணனும் அதே மாத்திரைதான். நான் ஓய்வு பெற்ற வருஷம் மறுபடி ஸ்கேன் எடுத்தோம்: 9.1. அழற்சி அடங்கினாலே எண் கொஞ்சம் இறங்கும், முழுசும் தழும்பு கரைந்ததால் என்று சொல்ல முடியாது என்று அவரிடம் சொன்னேன். "கொஞ்சமாச்சும் கரைஞ்சிருக்கும்லா?" என்றார். இருக்கும் என்றேன். புற்று வராமல் பார்க்க ஆறு மாசத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு இன்னும் ஓடுகிறது. அதை நிறுத்த விடமாட்டேன்.

ரத்தம் கொடுத்த மறுநாள் சாயந்திரம் போன் வரும். நலம் விசாரிக்கமாட்டார். "ஏட்டி, பேனாவ எடு. பிளேட்லெட்டு ஒண்ணு நாப்பத்தெட்டு. ஓ.டி. முப்பத்தொண்ணு..." கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசிப்பார். நான் காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வருவேன்.